சர்வர் சரியில்லை, சரி... அவன் எந்த ஊர் என்பது எதற்கு?

"சாம்பார் கேட்டு கால் மணி நேரம் ஆச்சு. அந்த இந்திக்காரப் பையன் திரும்பிக்கூடப் பார்க்கல."

பாண்டிச்சேரியில் ஹோட்டலுக்குப் போய் வந்தவர்களிடம் இன்று அடிக்கடி கேட்கக்கூடிய வாக்கியம் இது. இதில் இனவாதம் இருக்கிறதா என்று கேட்டால் சொன்னவருக்குக் கோபம் வரும். "ஆள் யாருன்னு அடையாளம் சொன்னேன், அவ்வளவுதானே" என்பார். நியாயம் மாதிரிதான் தெரிகிறது. பெயர் தெரியாத ஆளை வேறு எப்படித்தான் சொல்வது? ஆனால் அடுத்த மேசைக்கு அதே மாதிரி தாமதமாக வந்தவர் உள்ளூர்க்காரர் என்றால் "அந்தத் தமிழ்ப் பையன்" என்று யாரும் சொல்வதில்லை. வெறும் "சர்வர்" என்றுதான் சொல்வார்கள். இங்கேதான் இடிக்கிறது. அடையாளம் சொல்வது மட்டும்தான் நோக்கம் என்றால் இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டுமே!

இது ஏதோ வடமாநிலத் தொழிலாளர்கள் வந்த பிறகு முளைத்த விஷயம் என்று நினைத்தால் தப்பு. இந்த ஊரில் இதற்கு முந்நூறு வருடக் கதை இருக்கிறது.

புதுச்சேரியில் நைனியப்ப பிள்ளை வீதி என்று ஒன்று உண்டு. அதில் போய் வருகிற பலருக்கு அவர் யாரென்று தெரியாது. 1708-ல் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் தரகராக நியமிக்கப்பட்டவர். தரகர் என்றதும் வீட்டு புரோக்கரை நினைத்துக்கொள்ள வேண்டாம். துணி வியாபாரிகளிடம் விலை பேசுவது, கொள்முதலுக்கு ஏற்பாடு செய்வது, வேலையாட்களைத் திரட்டுவது, கம்பெனிக்கும் ஊர் மக்களுக்கும் நடுவில் நின்று பேசுவது என எல்லாமே அவர் தலையில். இன்றைய பாஷையில் பர்சேஸ் மேனேஜர், ஹெச்.ஆர்., மக்கள் தொடர்பு அதிகாரி மூன்றும் ஒரே ஆள்.

நைனியப்பர் இந்து. அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த லாசர் தானப்ப முதலியார் கிறித்தவர். இயேசு சபைப் பாதிரியார்களுக்கு இது ஆரம்பத்திலிருந்தே உறுத்தல். அவ்வளவு அதிகாரம் உள்ள பதவி ஒரு கிறித்தவரிடம்தான் இருக்க வேண்டும் என்று விடாமல் நெருக்கிக்கொண்டே இருந்தார்கள். 1715-ல் கோயில் விழாக்களுக்கு வந்த கட்டுப்பாடுகளை எதிர்த்து ஊர் மக்கள் பெருங்கூட்டமாக நகரத்தை விட்டு வெளியேறக் கிளம்பினார்கள். வேலையாட்கள் இல்லாவிட்டால் கம்பெனி எப்படி நடக்கும்? அதற்குப் பின்னால் இருந்தது நைனியப்பர்தான் என்று பழி விழுந்தது. 1716-ல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். 1708-ல் அவரை அந்த வேலையில் அமர்த்தியதும் இதே எபேர்தான்!

குற்றச்சாட்டு கொடுங்கோன்மை, கலகத்தைத் தூண்டியது. தண்டனை, கடைத்தெருவில் எல்லோரும் பார்க்க 50 கசையடி, மூன்று வருடச் சிறை, சொத்துப் பறிமுதல், அதற்கு மேல் 8,888 வராகன் அபராதம். சிறையிலேயே 1717-ல் இறந்துபோனார். பிள்ளைகள் ஊரை விட்டுத் துரத்தப்பட்டார்கள்.

வழக்கு நடந்த விதத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. சாட்சிகள் தமிழில் சொன்னதைப் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்த்து, அதைப் பிரெஞ்சில் எழுதினார்கள். தாங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எத்தனை சாட்சிக்குத் தெரிந்திருக்கும்? மொழிபெயர்த்தவர் பாதிரியார்களின் உபதேசியாருடைய மகன். ஒரு தரகர் வேலையில் ஏமாற்றினார் என்றால் செய்ய வேண்டியது சுலபம். கணக்கைத் திற, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு குறைகிறது என்று பார். இங்கே அவர் வேலையைப் பற்றிய புகாரும் அவர் மதத்தைப் பற்றிய புகாரும் ஒன்றோடொன்று கலந்துபோய் எது எது என்று பிரிக்க முடியாமல் ஆகிவிட்டது. கலந்துவிட்டால் ஒரு வசதி இருக்கிறது. முதலாவதற்கு ஆதாரம் குறைந்தாலும் இரண்டாவது இட்டு நிரப்பிவிடும்.

(எல்லாக் கிறித்தவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. இயேசு சபையாரோடு ஒத்துப்போகாத வேறு சபைக் குருமார்கள் நைனியப்பருக்காகப் பரிந்து எழுதினார்கள்.)

மூத்த மகன் குருவப்ப பிள்ளை கப்பல் ஏறி பிரான்சுக்கே போனார். அப்பாவின் தண்டனை ரத்தாகி, அவர் மேல் குற்றமில்லை என்று ஆனது. எபேர் மாட்டிக்கொண்டார். குருவப்பர் பிரான்சில் ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தகப்பன் யார் தெரியுமா? அப்போது பிரான்சை ஆண்டுகொண்டிருந்த ஆர்லியான்ஸ் கோமகன்! செவாலியே பட்டத்தோடு திரும்பி 1722-ல் அப்பா இருந்த அதே பதவியில் உட்கார்ந்தார், 1724-ல் இறந்தார். ஆக, அப்பா மேல் தப்பில்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் மகன் அந்த நாற்காலிக்கு வந்தது கிறித்தவராக மாறிய பிறகு. வழக்கில் ஜெயித்தது நைனியப்பர் குடும்பம். வாதத்தில் ஜெயித்தது யார் என்பதைப் படிப்பவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஒரு ஜோடி ஷூவின் கதை. 1819-ல் பிரெஞ்சு அரசு இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படிதான் தீர்ப்பு சொல்லப்படும் என்று சட்டம் போட்டிருந்தது. கேட்க மரியாதை மாதிரி இருக்கும். ஆனால் கோர்ட்டுக்குள் போகிற ஒவ்வொருவரையும் "நீ யார்" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் "என்ன நடந்தது" என்று கேட்கும் நிலைமை அது. 1873-ல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போல ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று நீதிபதி அவரை வெளியேற்றினார். அவர் விடவில்லை. பாரீஸில் உள்ள உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தார். பிறகு 1881-ல், சாதி வழக்கத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று ஆணை வந்தபோது அதை ஏற்று "லபோர்த்" என்று பெயர் வைத்துக்கொண்டார். கதவு என்று அர்த்தம். அவரைப் போலப் பலர் புதிதாகக் குடும்பப் பெயர் சூடிக்கொண்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் அதில் கணிசம். பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடுகிற ஊரில், பெயரையே மாற்றிக்கொள்வது சாதாரண விஷயமா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொன்னுத்தம்பி பிள்ளையின் புகாரை இனத்தைச் சொல்லாமல் சொல்லவே முடியாது. "கோர்ட்டில் என்னைச் சரியாக நடத்தவில்லை" என்று மட்டும் எழுதினால் விஷயமே காணாமல் போய்விடும். ஐரோப்பியன் ஷூ போட்டால் உள்ளே, இந்தியன் போட்டால் வெளியே என்பதுதானே குறையே. ஆகவே இனத்தைக் குறிப்பிட்டாலே தப்பு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்கள், பாதிக்கப்பட்டவன் வாயையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். குறையே அதுவாக இருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். சாம்பார் லேட்டானது அந்த ரகம் இல்லை.

மூன்றாவது கதை கொஞ்சம் கசப்பு. இதில் புதுச்சேரிக்காரர்கள் மேசைக்கு மறுபக்கம் இருக்கிறார்கள். இப்படிச் சட்டம் மாற்றிக்கொண்டவர்களில் ஒரு பகுதியினர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனுக்கு வேலைக்குப் போனார்கள். வரி வசூல், சுங்கம், போலீஸ், சிறைக் காவல் என்று சின்னச் சின்ன அரசு உத்தியோகங்கள். சட்டப்படி அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், ஓட்டும் உண்டு. மண்ணின் மைந்தரான வியட்நாமியருக்கு அந்த உரிமை இல்லை. வரி கட்ட வரிசையில் நிற்கும் வியட்நாமியருக்குக் கவுண்டரில் தெரியும் முகம் கவர்னர் முகமல்ல, புதுச்சேரிக்காரர் முகம். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, கையில் துட்டு எதிர்பார்க்கிறார் என்றால் வியட்நாமியர் எப்படிச் சொல்வார்? "சா வா" அப்படி நடந்துகொண்டான் என்பார். ஜாவா என்ற பெயரிலிருந்து வந்த சொல் அது. ஜாவாவுக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. மலாய்க்காரர், தமிழ் முஸ்லிம் துணி வியாபாரி, வட்டிக்கடைச் செட்டியார், ஷூ போட்ட புதுச்சேரி குமாஸ்தா எல்லோரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். 1930களில் நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாக நிலங்கள் செட்டியார்களிடம் போனபோது அந்தச் சொல்லில் இன்னும் விஷம் ஏறியது.

பாவம், சைகோன் புதுச்சேரிக்காரர்கள்! சொந்த ஊரில் சாதியை உதறத்தான் பெயரையும் சட்டத்தையும் மாற்றினார்கள். அங்கே போனால் வேறொரு ஒற்றைச் சொல் காத்திருந்தது. ஆனால் வியட்நாமியர் கோபத்தையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. உப்பு, சாராயம், அபின் மூன்றையும் ஏகபோகமாக வைத்துக்கொண்டு காசு பிடுங்கிய ஆட்சி அது. கவுண்டரில் மரியாதைக் குறைவு நிஜமாகவே நடந்திருக்கும். அந்தச் சொல் செய்த வேலை வேறு. விலையும் வரியும் நிர்ணயித்தவன் பாரீஸிலும் கவர்னர் மாளிகையிலும் நிம்மதியாக இருக்க, திட்டு முழுவதும் கவுண்டரில் இருந்தவனின் நிறத்தின் மேல் போய் விழுந்தது.

ஹோட்டல் விஷயமும் இதே கணக்குத்தான். எட்டு மேசைக்கு ஒரே ஆளை விட்டது யார்? தமிழ் தெரியாதவரை ஆர்டர் எடுக்க நிறுத்தி, நாலு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்காதது யார்? சம்பளத்தில் மிச்சம் பிடித்தது யார்? "இந்திக்காரப் பையன்" என்று சொன்ன அந்த நொடியில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி கதையை விட்டே வெளியே போய்விடுகிறார். அதற்குப் பிறகு பேச்சு, இவர்களெல்லாம் ஏன் இங்கே வருகிறார்கள் என்றுதான் போகும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, உண்மையா பொய்யா என்று விசாரிக்கக்கூட முடியாமல் பலர் ரயில் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். வதந்தியைக் கிளப்பியது யாரோ, ஆனால் அது நம்பும்படி இருந்ததற்கு அவர்கள் தினமும் கேட்ட பேச்சுக்கும் ஒரு பங்கு இருக்கும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் 2021 அக்டோபரில் ஒரு சம்பவம் நடந்தது. உணவு சரியாக வரவில்லை என்று சொமாட்டோவிடம் முறையிட்ட சென்னை வாடிக்கையாளருக்கு, இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற தோரணையில் வாடிக்கையாளர் சேவை ஊழியரிடமிருந்து பதில் வந்தது. (இந்தியாவுக்குத் தேசிய மொழி என்று ஒன்று இல்லை என்பது வேறு விஷயம்.) இங்கே மொழியைக் குறிப்பிடாமல் புகார் சொல்ல முடியாது. பொன்னுத்தம்பி பிள்ளையின் ஷூ மாதிரி அதுதான் குறையே. அவரும் அதைச் சொன்னார், ஊரே சேர்ந்து சொன்னது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கியது. சில மணி நேரத்திலேயே நிறுவனர், இந்தத் தவறுக்காக வேலையை விட்டு எடுத்திருக்கக் கூடாது என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் ஆளை நீக்கியதை விட, நிறுவனம் தமிழிலேயே வெளியிட்ட அறிக்கையில் இருந்த வேறொரு வரிதான் முக்கியம். செயலியைத் தமிழில் கொண்டுவருகிறோம், கோயம்புத்தூரில் தமிழ் வாடிக்கையாளர் சேவை மையம் அமைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அதில் சொல்லியிருந்தார்கள்.