துணை ஒளியில் பூ நாற்று வளர்ப்பு

குளிர்காலத்தில் வெயில் போதாத நாடுகளில், பசுமைக்குடிலில் வளரும் பூ நாற்றுகளுக்கு மின்விளக்கால் கூடுதல் ஒளி தரும் முறை. பெட்டூனியா, பிகோனியா, பான்சி ஆகியவற்றின் நாற்றுகள் வசந்தகாலச் சந்தைக்குத் தயாராக வேண்டுமானால் கடுங்குளிரிலேயே விதைத்தாக வேண்டும். வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இம்முறை வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

மின்னொளியிலும் இலை பச்சை பிடிக்கும் என்பதை 1861இல் பிரெஞ்சு அறிஞர் எர்வே மாங்கோன் காட்டினார். 1880இல் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் அருகேயிருந்த தம் வீட்டில், பொறியாளர் வில்லியம் சீமென்ஸ் கடுகு, கேரட், வெள்ளரி முதலிய செடிகளின் தொட்டிகளை நான்காகப் பிரித்தார். ஒன்றுக்கு இருட்டு, ஒன்றுக்குப் பகல், ஒன்றுக்கு இரவில் வில் விளக்கு, நான்காவதற்குப் பகலும் விளக்கும். நான்காவதே கரும்பச்சையாகச் செழித்தது. ஆனால் கண்ணாடி மூடாத விளக்கு பக்கத்துச் செடிகளைக் கருக்கியது.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1890களின் தொடக்கத்தில் இதையே விரிவாகச் சோதித்தார். லெட்டூஸ் கீரை முன்னதாகவே அறுவடைக்கு வந்தது. ஸ்பினாச் கீரையோ இலை தழைக்காமல் பூத்து விதைக்கு ஓடியது. ஒளியைச் செடியின் உணவாக மட்டுமே பார்த்த காலம் அது. அந்தப் பார்வையில் இந்த அவசரத்துக்கு விடை இல்லை.

விடை 1920இல் வந்தது. அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும், கோடையில் பூக்காமல் ஆளுயரம் தாண்டி வளர்ந்த மேரிலாந்து மாமத் என்னும் புகையிலையை ஆராய்ந்து, பகலின் நீளமே பூக்கும் காலத்தை முடிவு செய்கிறது என்று கண்டனர். விளக்கு நீட்டிய பகலே ஸ்பினாச்சைப் பூக்க வைத்தது. இந்த வேலைக்கு மங்கலான ஒளியே போதும். பகல் குறுகும்போது பூக்கும் சாமந்தியை வளர்ப்போர் சாதாரண குண்டு பல்பை இரவில் எரித்து மொட்டு விடுவதைத் தள்ளிப்போடலாயினர். நாற்றைத் திடமாக்க அந்த ஒளி போதாது. இரண்டையும் ஒன்றாக எண்ணியவர்களுக்கு மின்கட்டணமே மிஞ்சியது.

1938இல் விற்பனைக்கு வந்த டியூப்லைட்டை அடுக்குத் தட்டுகளில் நாற்றுக்கு மிக அருகில் தொங்கவிட முடிந்தது. 1960களில் வந்த உயரழுத்த சோடியம் விளக்குதான் பெரிய குடில்களுக்கு ஏற்றதாயிற்று. குழித்தட்டு நாற்று முறை பரவியதும் கணக்கும் கட்டுப்படியானது: ஒரு சதுர மீட்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாற்றுகள் நிற்பதால் விளக்குச் செலவு நாற்றுக்குச் சில காசுகளாகக் குறைகிறது. வளர்ந்த பூச்செடிக்கு இந்தக் கணக்கு எளிதில் ஒத்துவராது. வடக்கத்திய குளிர்காலக் குடிலில் ஒரு நாளில் விழும் ஒளி சதுர மீட்டருக்கு 5 மோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) அளவுக்கும் கீழே போகும். நல்ல நாற்றுக்கு ஏறத்தாழ 10 மோல் வேண்டும். அது கிடைத்தால் தண்டு குட்டையாகத் தடிக்கும், வேர் பெருகும், நடவுக்குப் பின் பூவும் முந்தும்.

1990களில் பிரகாசமான நீல எல்இடி உருவான பின் சிவப்பையும் நீலத்தையும் வேண்டிய அளவில் கலக்க முடிந்தது. இன்றைய நல்ல எல்இடி, ஒரே மின்சாரத்தில் சோடியம் விளக்கைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ஒளி தருகிறது. ஆனால் சோடியம் விளக்கின் வெப்பம் நாற்றின் இலையையும் சூடாக்கி வந்தது. எல்இடிக்கு மாறியவர்கள் குடிலைக் கூடுதலாகச் சூடாக்க வேண்டியிருப்பதால், மிச்சப்பட்ட மின்கட்டணத்தில் ஒரு பகுதி எரிபொருளுக்குப் போகிறது.