தாம்பரமும் திருவண்ணாமலையும்: 1938ஆம் ஆண்டு மாநாட்டின் மறுபக்கம்

திருச்சபையின் மாநாடுகளைப் பயிலும்போது அவை நிறைவேற்றிய தீர்மானங்களையும், அவற்றில் எழுந்த விவாதங்களையும் நாம் கருத்தூன்றிக் கற்கிறோம். ஆனால், தொலைநாடுகளிலிருந்து வந்த பிரதிநிதிகள் தாம் கூடிய நாட்டையும் அதன் மக்களையும் எவ்வாறு சந்தித்தனர் என்னும் கேள்வியை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். 1938ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை தாம்பரத்தில் நடைபெற்ற அகில உலக மிஷனெரி சங்க மாநாட்டை இக்கோணத்தில் நோக்குவது பயனுள்ளதாகும்.

இம்மாநாடு முதலில் சீன நாட்டின் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்தது. 1937இல் ஜப்பான் சீனாவின்மீது படையெடுத்ததால் சென்னை தெரிந்துகொள்ளப்பட்டது. ஜான் ஆர். மாட் தலைமையில் 69 நாடுகளைச் சேர்ந்த 471 பேர் கூடினர். 1910ஆம் ஆண்டு எடின்பரோ மாநாட்டில் ஆசியத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் இருபதுக்கும் குறைவானோரே. தாம்பரத்திலோ ஏறக்குறையப் பாதிப்பேர் இளைய திருச்சபைகளிலிருந்து வந்தவர்கள். போரிட்டுக்கொண்டிருந்த சீனாவையும் ஜப்பானையும் சேர்ந்த கிறிஸ்தவர்கள் ஒரே அவையில் அமர்ந்தனர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களுள் ஆல்பர்ட் லுதுலியும் ஒருவர்.

மாநாடு கூடிய இடமும் நம் கவனத்திற்குரியது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நூறாண்டுக் காலமாகத் துறைமுகத்தை அடுத்த ஜார்ஜ் டவுனில், வணிகரும் வழக்கறிஞரும் கூலித் தொழிலாளரும் நெருங்கித் திரியும் தெருக்களின் நடுவே இருந்தது. 1937இல்தான் அது தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. ஆகவே பிரதிநிதிகள் சென்னைக்கு வந்தனர் எனினும், கடற்கரைப் பட்டணத்தின் ஆரவாரத்திற்கு வெளியே, மரங்கள் அடர்ந்த அமைதியான வளாகத்திலேயே தங்கினர். ஆழ்ந்த சிந்தனைக்கு அது ஏற்ற இடமே. ஆயினும் அங்கே விவாதிக்கப்பட்ட தலையாய பொருள், மதிலுக்கு அப்பால் வாழ்ந்த மக்களின் சமயங்களைப் பற்றியது என்பதை நாம் மறக்கலாகாது.

மாநாட்டிற்காகவே ஹென்றிக் கிரேமர் எழுதிய நூல், கிறிஸ்துவில் வெளிப்பட்ட இறைவெளிப்பாட்டிற்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என வாதிட்டது. அக்கல்லூரியில் நெடுங்காலம் தத்துவம் கற்பித்து, அதன் முதல்வராகவும் விளங்கிய ஏ. ஜி. ஹாக் இதற்கு மறுமொழி கூறினார். பிற சமய அமைப்புகள் வேறு, அவற்றுள் வாழும் மனிதரின் உயிருள்ள விசுவாசம் வேறு என்பது அவர் கருத்து. இராதாகிருஷ்ணன் போன்ற மாணவர்களோடு பழகியவர் அவர். அதே ஆண்டில் செஞ்சையா, சக்கரை முதலான சென்னைக் கிறிஸ்தவ சிந்தனையாளர்கள், இந்தியாவில் கிறிஸ்தவம் மறுசிந்தனைக்கு உட்பட வேண்டும் என வற்புறுத்திக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர்.

மாநாட்டிற்கு வந்தோருள் சிலர் மதிலைக் கடந்து சென்றனர். மாட், மாநாட்டிற்கு முன்னர் சேகாவுன் சென்று காந்தியடிகளைக் கண்டார். பிரதிநிதிகளுள் ஒருவரான ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ், மாநாட்டை ஒட்டிய காலத்தில் தாம்பரத்திற்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தென்மேற்கிலுள்ள திருவண்ணாமலைக்குச் சென்று இரமண மகரிஷியைச் சந்தித்தார். அவ்வுரையாடல் ஆசிரமத்தாரின் பதிவில் இடம்பெற்றுள்ளது. ஜோன்ஸ், மகரிஷி நாடும் இலக்கு எது என வினவினார்; இலக்கொன்றைத் தேட வேண்டிய அவசியம் என்ன என மகரிஷி திருப்பி வினவினார். ஒருவர் இறையரசைப் பற்றிப் பேச, மற்றவர் தேடுகிறவன் யார் என்பதையே ஆராயும்படி பணித்தார். இது ஒரு தரப்பினர் எழுதிய பதிவு என்பதை வரலாற்று மாணவர் நினைவில் கொள்ளவேண்டும். எனினும் இருவரும் தத்தம் பாதையிலேயே நின்றனர் என்பது தெளிவு.

இச்சந்திப்பில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. இரமணர் மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். 1896இல் அங்கிருந்தே திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். பிற்காலத்தில் யாத்திராகமம் 3:14, சங்கீதம் 46:10 ஆகிய வசனங்களை அவர் தம் போதனைக்குச் சான்றாக எடுத்தாண்டார். திருமறை அவருக்கு அந்நியமான நூலன்று. ஆகவே அவர்முன் அமர்ந்தவர், நற்செய்தியை ஒருமுறையும் கேளாத ஒருவரையன்றி, மிஷன் பள்ளியின் பழைய மாணவர் ஒருவரையே கண்டார். மேலும், திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் பணி செய்த ஊர். ஆர்க்காட்டு லுத்தரன் திருச்சபை இன்றும் அங்கு வாழ்கிறது. தீபம் ஏற்றும் மலையின் அடிவாரத்திலேயே ஞாயிறுதோறும் வழிபடும் சபைகள் உண்டு. கிரேமரும் ஹாக்கும் நூல்களில் விவாதித்ததை இச்சபை மக்கள் தம் அண்டை வீட்டாரோடு நாள்தோறும் வாழ்ந்து வந்தனர்.

ஜோன்ஸ் 1939இல் தாம்பரம் மாநாட்டைக் குறைகூறி எழுதினார். அது இறையரசை விடுத்துத் திருச்சபையைத் தன் தொடக்கமாகக் கொண்டது என்பது அவர் குற்றச்சாட்டு. அதை நாம் முற்றிலும் ஏற்க வேண்டியதில்லை. போர் சூழ்ந்த அந்நாள்களில் எல்லைகளைக் கடந்த திருச்சபை ஒன்று உண்டு என்பதே ஒரு சாட்சியாக இருந்தது. 1988 ஜனவரியில் உலகத் திருச்சபை மன்றத்தின் சார்பில் மீண்டும் தாம்பரத்தில் கூடியவர்கள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே கேள்வியை ஆராய நேர்ந்தது. மாநாடுகளால் மட்டும் அக்கேள்வி தீராது என்பதற்கு இதுவே சான்று.

நம் போதகர்களும் மாணவர்களும் இன்று சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் மாநாடுகளுக்காகச் செல்கின்றனர். புகைவண்டி நிலையத்திலிருந்து மாநாட்டு மண்டபத்திற்கும், மண்டபத்திலிருந்து நிலையத்திற்கும் சென்று திரும்புவோர் பலர். பிற சமயத்தாரைப் பற்றி நாம் இயற்றும் தீர்மானங்களுள் எத்தனை, அவர்களுள் ஒருவரோடேனும் அமர்ந்து பேசிய பின்னர் எழுதப்பட்டவை? ஜோன்ஸ் திருவண்ணாமலையில் உடன்பாடு எதையும் பெறவில்லை. ஆயினும் அவர் சென்றார், வினவினார், தாமும் வினவப்பட்டார். நம் பயணங்களிலும் அதற்கென ஒரு நாளையேனும் ஒதுக்குவோமாக.