மூச்சும் அந்தியேட்டியும்

உடம்பைத் தளர்த்தி, மூச்சைக் கவனித்து, பிறகு "நான் எதுக்காக வாழுறன்?" என்ற கேள்வியோடு உட்காருவது. உடற்பயிற்சியையும் இருத்தலியலையும் சேர்த்த இப்படியான வகுப்புகளுக்கும் சிகிச்சைகளுக்கும் இப்ப உலகமெங்கும் நல்ல கிராக்கி. உப்புவெளிக் கடற்கரைக்கு வாற வெள்ளைக்காரருக்கும் இது பழகின சரக்குத்தான். எங்கட கேள்வி வேற. இந்த இரண்டையும் எங்கட பக்கத்தில் யார், என்ன தேவைக்காகச் சேர்த்தார்கள்?

முதலில் ஐரோப்பாவைப் பார்ப்போம். வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்க்ல் நாஜி முகாம்களில் தாய், தகப்பன், சகோதரன், மனைவி எல்லாரையும் இழந்து திரும்பி வந்து, 1946இல் தன் முகாம் அனுபவத்தைப் புத்தகமாக்கினார். மனுசனுக்கு முதலில் வேண்டியது இன்பமல்ல, அர்த்தம் என்பது அவருடைய வாதம். ஆனால் அந்தச் சிகிச்சையில் நோயாளி பேசுகிறார். உடம்பு கதிரையில் சும்மா இருக்கிறது. உடம்பைத் தத்துவத்தின் நடுவில் வைத்தவர் பிரெஞ்சுக்காரரான மெர்லோ-பொன்ரி. உடம்பு எங்களிடம் இருக்கிற ஒரு பொருளில்லை, நாங்களே அதுதான் என்று 1945இல் எழுதினார்.

தமிழ் படிக்கிற எங்களுக்கு இதில் ஒரு சின்னச் சந்தோசம். 'மெய்' என்ற சொல் உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிய இயலுக்குப் பெயரே மெய்ப்பாட்டியல். அதுக்காக "எல்லாம் எங்களிட்ட முதலே இருந்தது" என்று மார்தட்டத் தேவையில்லை. ஒரு சொல் இருந்ததை வைத்து ஒரு சிகிச்சையும் இருந்தது என்று சொல்ல ஏலாது.

சிகிச்சை வந்தது போரோடு. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகளைப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: சனம் "மனசு சரியில்லை" என்று ஆஸ்பத்திரிக்கு வரேல்ல. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு உளைவு, பெருமூச்சு என்றுதான் வந்தது. ஷெல் விழுந்ததையும் பிள்ளை செத்ததையும் உடம்புதான் சொன்னது. அப்ப மருந்தும் உடம்பு வழியாகவே போகவேண்டி இருந்தது. சாந்தி ஆசனம், மூச்சுப் பயிற்சி, தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது எல்லாம் இப்படித்தான் சிகிச்சைக்குள் வந்தன.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது அடுத்த படி. மனதை அமைதிப்படுத்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். அது ஏதோ ஒரு சொல்லாக இருக்கவில்லை. சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு சுபஹானல்லாஹ், பௌத்தருக்குப் புத்தரைச் சரணடைகிற வாக்கியம். மூச்சு உடம்பைப் பார்த்துக்கொண்டது. சாவுக்கும் வாழ்வுக்கும் அவரவர் வைத்திருந்த பதிலை அந்தச் சொல் தொட்டது. இருத்தலியல் என்ற பெயரில்லாமலே இரண்டும் ஒட்டிக்கொண்டன. அவருடைய 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' 1998இல் வந்த புத்தகம். உளவளத்துணை படிக்கிற ஆக்கள் கட்டாயம் பார்க்கவேணும்.

2004 மார்கழி சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் ஒரு சோதனையும் நடந்தது. முகாமில் இருந்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லவைக்கிற சிகிச்சை, மற்றதுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், கதை சொன்னவர்களில் 81 வீதமும் தியானம் செய்தவர்களில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். இவ்வளவு சின்னத் தொகையில் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு பிள்ளைகள்தான். ஆகவே 'பேச்சா, உடம்பா?' என்ற சண்டையை இதை வைத்துத் தீர்க்க முடியாது.

எங்கட மாவட்டத்திலேயே இந்த இரண்டையும் டொக்டர் இல்லாமல் சேர்த்து வைத்திருந்த ஓர் இடம் உண்டு: கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள். இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்பது கதை. அதனால்தான் எங்கட ஆக்கள் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அங்கே போனார்கள். எள்ளும் தண்ணியும் விட்டு, வாளியால் சுடுதண்ணி அள்ளித் தலையில் ஊற்றி முழுகுவார்கள். உடம்புக்கு ஒரு வேலை கிடைக்கும். அதோடு, "அவர் போய்விட்டார், நீ இருக்கிறவர்களோடு இரு" என்ற பதிலும் கிடைக்கும். (கன்னியா இப்ப தொல்லியல் திணைக்களத்தின் கையில், அங்குள்ள பிள்ளையார் கோயில் பிரச்சினை 2019இல் நீதிமன்றம் வரை போனது. அது தனியாக எழுதவேண்டிய கதை.)

ஆனால் அந்தியேட்டிக்கு ஒரு சாவு வேணும். 2017இலிருந்து வடக்கு கிழக்கில் பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் இருந்த அம்மாமாரை நினைத்துப் பாருங்கோ. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அந்தியேட்டி செய்தால், பெத்த பிள்ளையைத் தானே சாகடித்த மாதிரி. செய்யாமல் விட்டால் துக்கம் முடியாது. மூச்சுப் பயிற்சி அவர்களுக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லேல்ல. நித்திரையே இல்லாத ஒரு தாய்க்கு ஒரு இரவு நித்திரையும் பெரிசுதான். எங்களுக்கு இடிக்கிறது பிராங்க்லின் பக்கம். நிலைமையை மாற்ற முடியாதபோது, அதை எப்படி எதிர்கொள்வது என்பதைத் தெரிவுசெய்யலாம் என்றார் அவர். சரி, மாற்ற முடியாது என்று முடிவுசெய்தது யார்? அந்த அம்மா கேட்பது "என்ர வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?" என்றில்லை. "என்ர பிள்ளை எங்க?" என்றுதான். அதுக்கு அவவுக்குள்ளே தேடி விடை எடுக்க முடியாது, அது வேறு ஆட்களின் கையில் இருக்கிறது.

2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் ஒன்றை அரசாங்கம் கொண்டுவந்தது. அந்தக் கடதாசியோடு கந்தோர்களில் சில அலுவல் பார்க்கலாம். கன்னியாவுக்குப் போய் முழுக ஏலாது.