காற்றில் ஓடும் குறுக்கலை

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியிலுள்ள காதங்கியை நம்மில் பலர் கடந்திருப்போம். அங்கே வான்காற்றின் ஆராய்ச்சி நடைபெறுகிறது.

ஒரு முனையைக் கட்டிய கயிற்றின் மறுமுனையை உதறினால் அலை முன்னே ஓடும். கயிற்றின் துகள்களோ அதற்குக் குறுக்காக அசைந்து தத்தம் இடத்திற்கே மீளும். இதுவே குறுக்கலை. ஒலியலையில் துகள்கள் அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைகின்றன.

ஆயினும் காற்றிலும் குறுக்கலை உண்டு. மலையில் மோதியோ இடிமேகத்தால் உந்தப்பட்டோ எழுந்த காற்று, புவியீர்ப்பால் மீண்டும் தாழும். அவ்வூசலே அலையாகப் பரவுகிறது. அலைமுகம் நகரும் திசைக்குக் குறுக்காகவே காற்று அசைகிறது. உயர்வானில் இத்தகைய அலைகள் உள்ளன என்பதைக் காலின் ஹைன்ஸ் 1960-இல் விளக்கினார். அங்குள்ள காற்றை ரேடாரால் அளக்கும் முறை 1974-இல் பெரு நாட்டில் பிறந்தது.

1990-களின் தொடக்கத்தில் காதங்கியிலும் 1024 ஏரியல்களுடன் அத்தகைய ரேடார் எழுந்தது. 53 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைகளை மேலே அனுப்பி, மீளும் மெல்லிய எதிரொலியால் காற்றின் ஏற்றத்தாழ்வை அது அளந்தது.

அலையோடு காற்றுத்துகள் பயணம் செய்வதில்லை. அதன் ஆற்றலே செல்கிறது. உயரத்தில் அலை உடையும்போது அங்குள்ள காற்றின் வேகமே மாறுகிறது. இதனைக் கணக்கில் கொள்ளாமல் வளிமண்டலத்தை நாம் முழுமையாக அறிய இயலாது.