மேடையில் மட்டும் கட்டிக்கொண்ட குரல்: அலெக்சாண்டர் பயிற்சிமுறை பிறந்த கதையும் அதன் பயனும்

தொண்டை கட்டிக்கொண்டால் வெந்நீர் குடிக்கிறோம், மிளகுப்பால் குடிக்கிறோம், இரண்டு நாள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம். குரல் திரும்பிவிடுகிறது. ஆனால் வகுப்புக்குத் திரும்பிய அன்றே ஆசிரியருக்கும், மேடை ஏறிய அன்றே பாடகருக்கும் மீண்டும் கட்டிக்கொண்டால், கோளாறு தொண்டையில் இருக்கிறதா அல்லது குரலைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறதா?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலிய நடிகர் ஒருவருக்கு இதே கேள்வி எழுந்தது. அவர் கண்ட விடையே இன்று அலெக்சாண்டர் டெக்னிக் என்று உலகெங்கும் அறியப்படும் பயிற்சிமுறை. இசை, நாடகக் கல்லூரிகளில் இது பாடமாக இருக்கிறது. முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களுக்கும் இது பயன்படுகிறது.

கண்ணாடி முன் நடந்த ஆராய்ச்சி

ஃபிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் 1869-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவில், வின்யார்டு என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். சிறு வயதிலேயே மூச்சுத் தொல்லை. வளர்ந்தபின் ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதிகளை மேடையில் தனியாக நடித்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டார். சில காலத்தில் மேடையில் அவருடைய குரல் கம்மத் தொடங்கியது. மருத்துவர்கள் மருந்தும் ஓய்வும் பரிந்துரைத்தார்கள். ஓய்வெடுத்தால் சரியானது, மேடை ஏறியதும் மறுபடியும் போனது. குரலே வாழ்வாதாரம் என்பதால், அவரால் இதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

ஓய்வில் நன்றாக இருக்கும் குரல் நடிக்கும்போது மட்டும் கெடுகிறது என்றால், நடிக்கும்போது தானே ஏதோ தவறு செய்கிறோம் என்று அவர் யோசித்தார். கண்ணாடி முன் நின்று வசனம் பேசிப் பார்த்தார். மூன்று பழக்கங்கள் தெரிந்தன. தலையைப் பின்னால் இழுத்தார். குரல்வளையைக் கீழே அழுத்தினார். வாய் வழியாகச் சத்தமாக மூச்சை இழுத்தார். கவனித்துப் பார்த்ததில், சாதாரணப் பேச்சிலும் இவை சிறிய அளவில் இருந்தன. மேடையில் அவை பெரிதாகிக் குரலைக் கெடுத்தன.

தலையை முன்னால் வைத்தால் போதும் என்று முயன்றார். பக்கவாட்டிலும் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. முன்னால் வைத்திருக்கிறோம் என்று உறுதியாக நினைத்த நேரத்திலும், தலை பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது. நெடுநாள் பழக்கம் உடலுக்குச் சரியானதாகவே தோன்றும், ஆகவே "எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது" என்ற உணர்வை நம்பித் திருத்த முடியாது என்பது அவருக்குப் புரிந்தது. இந்தப் பயிற்சிமுறையின் அடிப்படை இதுதான்.

பிறகு அவர் வேறு வழி தேடினார். வசனத்தைப் பேச வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும் உடனே பேசாமல் நிறுத்திக்கொண்டார். கழுத்து தளரட்டும், தலை முன்னும் மேலுமாகச் செல்லட்டும், முதுகு நீண்டு அகலட்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். அதன்பின் பேசலாம், பேசாமலும் இருக்கலாம், பேசுவதற்குப் பதில் கையை மட்டும் தூக்கலாம் என்று தனக்கே தெரிவுகளை வைத்துக்கொண்டார். நீண்ட காலம் இப்படிப் பழகிய பிறகு பழைய இழுப்பு விட்டது, குரலும் மீண்டது. இந்த ஆராய்ச்சியை அவர் 1932-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

லண்டனிலிருந்து கல்லூரிகளுக்கு

1904-இல் லண்டன் சென்ற அலெக்சாண்டர், நடிகர்களுக்கும் பின்னர் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி, அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி ஆகியோர் அவரிடம் பாடம் பெற்றனர். 1931-இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வகுப்பை அவர் தொடங்கினார். 1955-இல் காலமானார். 1973-இல் நோபல் பரிசு பெற்ற விலங்கியல் அறிஞர் நிக்கோலாஸ் டின்பெர்கன், தமது பரிசுரையின் ஒரு பகுதியை இந்தப் பயிற்சிமுறைக்கு ஒதுக்கியதால் மேலும் பலருக்கு இது தெரியவந்தது.

இன்று லண்டனின் அரச இசைக் கல்லூரி, நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளி போன்ற இடங்களில் மாணவர்கள் இதைக் கற்கிறார்கள். வயலினைத் தாடையால் இறுக்கிப் பிடிப்பவர், உச்ச சுரத்துக்குப் போகுமுன் கழுத்தை விறைப்பாக்கும் பாடகர், மேடை நடுக்கத்தில் தோளைத் தூக்கிக்கொள்ளும் நடிகர் ஆகியோருக்குத் தேவையற்ற இறுக்கத்தைக் கண்டுகொள்ள இது உதவுகிறது. மேடை நடுக்கத்தைக் குறைக்கக்கூடும் என்று இசைக் கலைஞர்களிடையே நடந்த சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவை சிறிய ஆய்வுகளே.

பாடம் எப்படி நடக்கும்?

யோகாவைப் போல இதில் ஆசனங்கள் கிடையாது. உடற்பயிற்சியும் அல்ல, மசாஜும் அல்ல. ஓர் ஆசிரியர், ஒரு மாணவர். 30 முதல் 45 நிமிடம். நாற்காலியில் உட்காருவது, எழுவது, நடப்பது, குனிந்து பொருள் எடுப்பது போன்ற அன்றாட வேலைகளே பாடம். ஆசிரியர் கழுத்திலும் முதுகிலும் மெதுவாகக் கை வைத்து, எங்கே இறுக்கம் வருகிறது என்று உணர்த்துவார். நம் உணர்வு நம்மை ஏமாற்றும் என்பதால்தான் இன்னொருவரின் கையும் கண்ணும் தேவைப்படுகின்றன.

இதை வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையைப் பிடரியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் எழுந்து பாருங்கள். தலை பின்னால் சாய்ந்து பிடரி சுருங்குவதைப் பலர் உணர்வார்கள். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. ஒரு நாளில் எத்தனை முறை எழுகிறோம், எத்தனை மணி நேரம் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்கிறோம் என்று கணக்கிட்டால் கழுத்தின் பாடு விளங்கும். நாளெல்லாம் அண்ணாந்து செம்பனைக் குலை அறுப்பவருக்கும், லாரி ஓட்டுபவருக்கும், வகுப்பில் குரல் உயர்த்திப் பேசும் ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இங்கிலாந்தில் நாள்பட்ட அல்லது அடிக்கடி வரும் முதுகுவலி உள்ள 579 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. 24 பாடங்கள் பெற்றவர்களுக்கு அதைவிட 18 நாள் குறைவு; 6 பாடங்கள் மட்டும் பெற்றவர்களுக்கு 10 நாள் குறைவு. 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நாள்பட்ட கழுத்துவலி உள்ள 517 பேர் பங்கேற்றனர். அதில் இந்தப் பயிற்சியும் அக்குபங்சரும் வலியைக் குறைத்தன.

பார்க்கின்சன் நோயால் உடல் சமநிலையோ அசைவோ பாதிக்கப்பட்டவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நெறி கூறுகிறது. ஆனால் ஆஸ்துமாவை இது குணப்படுத்தும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. எல்லா நோய்க்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செலவும் எச்சரிக்கையும்

தனிப்பாடம் என்பதால் செலவு கூடும். 24 பாடங்கள் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. சேர்வதற்குமுன் ஆசிரியரின் தகுதியை விசாரிக்க வேண்டும். 1958-இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஆசிரியர் சங்கத்தின் விதிப்படி, ஆசிரியராக 3 ஆண்டுகளில் 1,600 மணி நேரப் பயிற்சி தேவை.

பணம் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மெத்தையில் அல்லாமல் தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, தலைக்கு அடியில் இரண்டு மூன்று மெல்லிய புத்தகங்களை வைக்கவும். முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, கைகளை வயிற்றின்மேல் வைத்து, கண்களைத் திறந்தபடி 10 முதல் 15 நிமிடம் இருக்கவும். எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையூன்றி எழவும். கர்ப்பிணிகளும் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் முதலில் மருத்துவரிடம் தொண்டையைக் காட்ட வேண்டும். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, விபத்துக்குப் பிறகு வலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அலெக்சாண்டரும் முதலில் மருத்துவரிடம்தான் போனார். ஓய்வும் மருந்தும் தீர்க்காத பிறகே கண்ணாடி முன் நின்றார்.