தேவகிரியும் எல்லோராவும்: இரண்டு வெற்றிகளின் கதை

அரைப் பரீட்சை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசிக்கிறீர்களா? கோட்டை, குகை இரண்டையும் ஒரே நாளில் பார்க்க மகாராஷ்டிரத்தில் ஓர் இடம் உண்டு. ஔரங்காபாத்தில் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) தங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து தௌலதாபாத் கோட்டை சுமார் 15 கி.மீ.; எல்லோரா குகைகள் சுமார் 30 கி.மீ.

தௌலதாபாத்தின் பழைய பெயர் தேவகிரி. யாதவ மன்னர்களின் தலைநகரம். 1327-இல் முகமது பின் துக்ளக் தில்லியிலிருந்து தலைநகரை மாற்றினாரே, அந்த ஊர் இதுதான். சுமார் 200 மீட்டர் உயரமுள்ள குன்றின் அடிப்பகுதியைச் சுவர்போலச் செங்குத்தாகச் செதுக்கி, பாறையிலேயே அகழியும் வெட்டியிருக்கிறார்கள். மேலே ஏற இருட்டுச் சுரங்கப் பாதை.

1296-இல் அலாவுதீன் கில்ஜி திடீரென்று இங்கே படையோடு வந்தார். மன்னர் ராமச்சந்திரரின் பெரும்படை அப்போது ஊரில் இல்லை. மன்னர் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். அவசரத்தில் உள்ளே ஏற்றிய தானிய மூட்டைகளைப் பிரித்தபோது, அத்தனையும் உப்பாக இருந்ததாம். இதை எழுதி வைத்தவர் பெரிஷ்தா என்ற வரலாற்றாசிரியர். வங்கியில் அடமானச் சரக்குக் கிடங்கைப் பார்வையிடப் போனால், மூட்டைகளை எண்ணுவதோடு நிற்க மாட்டோம். ஒன்றிரண்டில் குத்தூசி விட்டும் பார்ப்போம். தேவகிரியில் அதற்கு நேரம் இருக்கவில்லை. மன்னர் பணிந்தார். அலாவுதீன் பெருஞ்செல்வத்தோடு திரும்பினார். தன் மாமனாரும் சிற்றப்பாவுமான சுல்தான் ஜலாலுதீனைக் கொல்வித்து, அதே ஆண்டில் தில்லி சுல்தான் ஆனார்.

இது ஒரு வகை வெற்றி. இன்னொரு வகையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, அங்கிருந்து எல்லோராவுக்குப் போங்கள்.

பௌத்தம், இந்து, சமணம் என்று 34 குகைகள். அவற்றில் 16-ஆவது கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னர் முதலாம் கிருஷ்ணர் காலத்தில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்தது. அஸ்திவாரமில்லை, அடுக்கிய கல்லில்லை, ஒரே பாறை.

இதன் வேர் நம் காஞ்சிபுரத்தில் இருக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. காஞ்சி கைலாசநாதர் கோயில் பல்லவன் ராஜசிம்மன் எழுப்பியது. சாளுக்கிய மன்னர் இரண்டாம் விக்கிரமாதித்தர் பல்லவர்களை வென்று காஞ்சிக்குள் நுழைந்தார். ஆனால் கோயில் செல்வத்தை எடுத்துப் போகாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தார். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயில் தூணில் இன்றும் இருக்கிறது. அந்த வெற்றியின் நினைவாக அவருடைய அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலைக் கட்டினார். காஞ்சியின் சாயல் அதில் தெரியும். அதன் சாயல் எல்லோராவில் தெரியும்.

கொண்டுபோன பொன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கொடுத்துவிட்டுப் போனவர் கண்ட கலை 1200 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

ஆகவே முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிக்குப் போய் அந்தத் தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு ரயில் டிக்கெட் போடலாம். எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சுரங்கத்துக்கு டார்ச் வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் கீழே சாந்த் மினார் அருகே நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம். அங்கிருந்தே குன்று முழுவதும் தெரியும்.