கொடிக்காக முடி இழந்த கோமகன்

கொடி வெறுந்துணிதானே என்பாருக்கு நாம் பிரான்சு நாட்டு வரலாற்றைக் காட்டுவோம். 1789-இல் புரட்சி மூண்டபோது பாரிஸ் நகரின் நீலமும் சிவப்பும் மன்னர் குலத்தின் வெண்மையோடு கூடின. அம்மூவண்ணமே 1794-இல் நாட்டுக் கொடியாயிற்று. நெப்போலியன் வீழ்ந்தபின் மீண்டுவந்த பூர்போன் மன்னர்கள் அதனை இறக்கி வெண்கொடியை ஏற்றினர். 1830-இல் மக்கள் கிளர்ந்தெழவே, மூவண்ணம் திரும்பிற்று. பத்தாம் சார்லஸ் நாடு நீங்கினார்.

அவர் பேரர் ஷாம்போர் கோமகனின் கதையே நம்மை வியக்கவைப்பது. 1871-இல் அமைந்த தேசிய சபையில் முடியாட்சியை விழைந்தோரே பெரும்பான்மையினர். அரியணை காத்திருந்தது எனலாம். அவரோ, நான்காம் ஹென்றியின் வெண்கொடியைக் கைவிடேன் என அறிக்கை விடுத்தார். இணக்கம் காண அன்பர் பலர் முயன்றனர். 1873 அக்டோபரில் எழுதிய மடலிலும் அதே உறுதி! பிடிவாதமென நகைப்போர் நகைக்கட்டும்; சொல் மாறாத அவரிடத்து நமக்குச் சிறிது மதிப்பும் உண்டு. ஆனால் மூவண்ணத்தின்கீழ்க் குருதி சிந்திய படைவீரர் வேறு கொடியை ஏற்பரோ? முடியாட்சிப் பற்றுடைய தலைவர் மக்மகோனே ஏலாரென்று கருதினார்.

1875-இல் 353 வாக்குக்கு 352 என்ற கணக்கில், ஒரே வாக்கு மிகுதியால், குடியரசு சட்டத்துள் புகுந்தது. கோமகன் 1883-இல், மகப்பேறின்றி, ஆஸ்திரிய மண்ணில் மறைந்தார்.